பட்டாணி சூப், பச்சை முட்டை, ஒரு பர்ஸ்: சாத்தான் தயாரான கதை

முதலில் அந்தப் படுக்கையறைக்குள் போய்விடுவோம். ஸ்வெட்டர், குல்லா, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு வாருங்கள். 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தில் 12 வயது ரீகன் கட்டிலில் கட்டுண்டு கிடந்து உறுமுவாளே, தலையை முழு வட்டமாகத் திருப்பி நம் தூக்கத்தைக் கெடுப்பாளே, அதே அறைதான். கதைப்படி அது வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியில் ஒரு வீட்டு மாடி. நிஜத்தில் நியூயார்க் ஸ்டூடியோ ஒன்றில் போட்ட செட். அந்தச் செட்டை அப்படியே ஒரு ராட்சச ஃப்ரீசராக்கி வைத்திருந்தார்கள்!

சாத்தான் புகுந்த அறை சில்லிட்டுப் போகும் என்பது கதை. ஜெபம் சொல்லும் பாதிரியார்களின் வாயிலிருந்து புகை புகையாய் மூச்சு வர வேண்டும். இன்றைக்கென்றால் கம்ப்யூட்டரில் நாலு தட்டுத் தட்டிச் சேர்த்துவிடுவார்கள். 1973-இல் அதற்கு வழியில்லை. குளிர் தெரிய வேண்டுமானால் குளிரத்தான் வேண்டும். அறையை உறைநிலைக்கும் கீழே கொண்டுபோவார்கள். விளக்கைப் போட்டதுமே அந்தச் சூட்டில் குளிர் கரையத் தொடங்கிவிடும். மூச்சு தெரிகிறவரை எடுத்தால் எடுத்ததுதான். பிறகு விளக்கை அணைத்துவிட்டு மறுபடியும் அறை குளிரக் காத்திருக்க வேண்டியதுதான். ஒருநாள் காற்றில் ஈரம் கூடிப்போய், படக்குழு வருவதற்குள் செட்டுக்குள்ளேயே மெல்லிசாய்ப் பனி விழுந்து கிடந்ததாம். கூரைக்குக் கீழே பனி!

எல்லாரும் தடித்த கோட்டுக்குள் ஒடுங்கி நிற்க, ரீகனாக நடித்த லிண்டா பிளேருக்கு மட்டும் மெல்லிய நைட்டிதான். அப்போது அந்தப் பெண்ணுக்குப் பதினான்கு வயது. குளிர் என்றாலே தனக்கு ஆகாது என்று வளர்ந்த பிறகும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லாமல் இருப்பாரா?

இப்போது ஒப்பனை மேஜைக்கு வாருங்கள். எனக்கு இந்தப் படத்தின் நிஜ நாயகன் டிக் ஸ்மித்தான். 'காட்ஃபாதர்' படத்துக்காக மார்லன் பிராண்டோவுக்குத் தொங்கு கன்னம் வைத்த அதே கை. ரீகனின் முகத்தைக் கிழித்துப் புண்ணாக்கியதும் அவரே. ஆனால் எனக்கு வியப்பு அங்கே இல்லை. பெட்டியோடு மூடுபனியில் வந்து தெருவிளக்கின் கீழே நிற்பாரே, கிழட்டுப் பாதிரியார் மெரின், அவரைப் பாருங்கள். எழுபது, எழுபத்தைந்து வயது மதிக்கலாம் அல்லவா? நடித்த மாக்ஸ் வான் சிடோவுக்கு அப்போது வயது 44! தினமும் மணிக்கணக்கில் உட்காரவைத்து, கழுத்துச் சுருக்கமும் கண்ணுக்குக் கீழே தொய்வும் வைத்து அனுப்புவார் ஸ்மித். பேய்க்கு வைத்த ஒப்பனையை ஊரே பேசியது. கிழவருக்கு வைத்த ஒப்பனை யார் கண்ணிலும் படவில்லை. இதற்கு மேல் ஒரு ஒப்பனைக்காரருக்கு என்ன பாராட்டு வேண்டும்?

மெரினைப் பற்றி இன்னொரு வேடிக்கை. வான் சிடோ 1957-இல் பெர்க்மனின் 'தி செவன்த் சீல்' படத்தில் மரணத்தோடு சதுரங்கம் ஆடியவர். 1965-இல் ஹாலிவுட் படமொன்றில் இயேசுவாகவே நடித்தவர். அப்பேர்ப்பட்டவருக்குச் சாத்தானை அதட்டும் வசனம் மட்டும் வாயில் வரவில்லையாம். கடவுள் நம்பிக்கை இல்லாததால் திணறினார், இயேசுவாக நடித்தவராயிற்றே என்று கேட்டதற்கு அவரை மனிதராக நினைத்துத்தான் நடித்தேன் என்றார் என்று இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் பின்னாளில் சொல்லிச் சிரித்திருக்கிறார். படத்தில் அந்தத் திணறலின் சுவடு தெரிகிறதா பாருங்கள். எனக்குத் தெரியவில்லை.

சரி, ரீகனின் வயிற்றில் உதவி கேட்டு எழுத்துகள் தடித்து எழும்புமே, அதற்கு வருவோம். இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு நான் கைகொட்டிச் சிரித்தேன். ஸ்மித் லிண்டாவின் வயிற்றைப் போலவே ஃபோம் ரப்பரில் ஒன்று செய்தார். துணிக்கறை போக்கும் திரவத்தில் தூரிகையைத் தொட்டு அதன்மேல் எழுதினார். திரவம் பட்ட இடமெல்லாம் கொப்புளித்து வீங்கியது. பிறகு தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடான காற்றை ஊத, வீங்கிய எழுத்து ஒவ்வொன்றாய் அமுங்கி மறைந்தது. மறைவதைத்தான் படம் பிடித்தார்கள். பிறகு ஃபிலிமைப் பின்னோக்கி ஓட்டினார்கள். அவ்வளவுதான்! அந்தக் குழந்தையின் ஆன்மா உள்ளேயிருந்து எழுதுகிறது என்று நாம் உறைந்துபோன இடம்.

பச்சை வாந்தி பட்டாணி சூப் என்பது ஊரறிந்த ரகசியம். கொஞ்சம் ஓட்ஸும் கலந்தார்கள் என்பதுதான் கூடுதல் தகவல். கெட்டியாக வர வேண்டாமா? இளம் பாதிரியார் கராஸாக நடித்த ஜேசன் மில்லருக்கு அது மார்பில் விழும் என்று சொல்லிவைத்திருந்தார்கள். விழுந்தது முகத்தில். திரையில் அவர் அருவருப்போடு வழித்து எறிவது நடிப்பே இல்லை. பாவம், அவர் அடிப்படையில் நாடகாசிரியர். இதுதான் முதல் சினிமா. அதே 1973-இல் அவருடைய நாடகத்துக்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது. ஒரே வருடத்தில் புலிட்சரும் முகத்தில் சூப்பும் வாங்கியவர் வேறு யாரும் இருக்க முடியாது!

சுழலும் தலைக்கு இயந்திரப் பொம்மை. கண்ணை உருட்டும், வாயைத் திறக்கும். ஜனங்கள் நம்புவார்களா என்று பார்க்க அதை டாக்ஸியில் உட்காரவைத்து நியூயார்க் தெருக்களில் சுற்றினார்கள் என்றொரு கதை உண்டு. உண்மையாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். கழுத்து திரும்பும்போது கேட்கும் அந்த நறநற ஓசை? மெக்ஸிகோவிலிருந்து வந்த ஒலிக்கலைஞர் கொன்சாலோ கவிரா, கிரெடிட் கார்டு செருகிய பழைய தோல் பர்ஸ் ஒன்றை மைக்கின் பக்கத்தில் வைத்து முறுக்கினார். உங்களிடம் பழைய பர்ஸ் இருந்தால் முறுக்கிப் பாருங்கள். ராத்திரியில் வேண்டாம்.

குரலை விட்டுவிட்டால் சாத்தானே கோபித்துக்கொள்ளும். ரீகனுக்குள்ளிருந்து சாத்தானாகப் பேசியவர் மெர்ஸிடஸ் மெக்கேம்பிரிட்ஜ். 1949-இல் வந்த 'ஆல் தி கிங்ஸ் மென்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர், வானொலி நாடகங்களில் ஊறிய தொண்டை. சிகரெட்டை விடாமல் ஊதினார். பச்சை முட்டையை விழுங்கினார். குடியை விட்டிருந்தவர் இந்தக் குரலுக்காக விஸ்கியும் எடுத்துக்கொண்டார். கட்டுண்ட பிசாசின் திமிறல் குரலில் வர வேண்டுமென்று தன்னை நாற்காலியோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். இத்தனையும் செய்தவரின் பெயர் படம் வெளியானபோது டைட்டிலில் இல்லை! அவர் சும்மா விடவில்லை, சண்டை போட்டார், பிறகு பெயர் வந்தது. நல்ல வேலை செய்தார்.

இருட்டில் ஒரு வெள்ளை முகம் கண்சிமிட்டும் நேரத்துக்குத் தோன்றி மறையுமே, கவனித்திருக்கிறீர்களா? லிண்டாவுக்கு டூப்பாக வந்த ஐலீன் டீட்ஸின் முகம் அது. ரீகனுக்கென்று போட்டுப் பார்த்து வேண்டாமென்று ஒதுக்கிய ஒப்பனைச் சோதனை. ஃப்ரீட்கின் அதை வீசிவிடாமல் ஒன்றிரண்டு இடங்களில் செருகிவிட்டார். குப்பைக்குப் போக வேண்டியது, படத்திலேயே பயங்கரமான முகமாகிவிட்டது.

இப்படி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போகும்போது ஒரு இடத்தில் எனக்கு முகம் சுளித்துவிடுகிறது. நடிகர்கள் திடுக்கிட வேண்டுமென்று ஃப்ரீட்கின் செட்டில் துப்பாக்கியை வெடிக்கவைப்பார். கராஸின் நண்பராக நடித்த வில்லியம் ஓமாலி நிஜமான ஏசு சபைப் பாதிரியார். கடைசிக் காட்சியில் அவர் கை நடுங்க வேண்டுமென்று, கேமரா ஓடுவதற்குச் சற்று முன் பளாரென்று அறைந்தார் இயக்குநர். தாயாக நடித்த எலன் பர்ஸ்டின் மகளிடம் அறை வாங்கித் தெறித்து விழும் காட்சியில், இடுப்பில் கட்டிய வாரை வேகமாக இழுத்ததில் முதுகெலும்பின் அடியில் அடிபட்டது. அந்த அலறல் அப்படியே படத்தில் இருக்கிறது. மேதையின் பிடிவாதம் என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்குச் சம்மதமில்லை. மறுபடி மறுபடி பார்க்கவைப்பது அந்த அலறலா, வயிற்றில் எழும் எழுத்தா? தூரிகையும் பர்ஸும் சூப்பும் செய்த வேலையில் பாதியைக்கூடத் துப்பாக்கி செய்யவில்லை.

ஸ்டூடியோவிலிருந்து இரண்டு எட்டு வெளியே. தொடக்கக் காட்சியில் பாழடைந்த நகரத்தில் பசூசு என்ற பிசாசின் சிலைக்கு எதிரே மெரின் நிற்பது, இராக்கில் மொசூலுக்குப் பக்கத்தில் உள்ள ஹத்ரா. அமெரிக்காவுக்கும் இராக்குக்கும் தூதரக உறவே இல்லாத காலம். வெயில் தாங்காமல் விடியலிலும் பொழுது சாயும்போதும் மட்டும் எடுத்தார்கள்.

மற்றொன்று ஜார்ஜ்டவுன் படிக்கட்டு. மூலநாவலை எழுதிய வில்லியம் பீட்டர் பிளாட்டி அங்குள்ள பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1949-இல் ஒரு சிறுவனுக்குப் பேயோட்டிய செய்தியை மாணவராக இருக்கும்போது பத்திரிகையில் படித்ததுதான் விதை. கராஸ் உருண்டு விழும் அந்தப் படிக்கட்டில் 75 படிகள். வீடோ படிக்கட்டை விட்டுத் தள்ளி இருந்தது. ஜன்னலிலிருந்து குதித்தால் புல்தரையில்தான் விழுவார்! எனவே வீட்டுக்கு ஒரு பொய்ச்சுவரை நீட்டிக் கட்டினார்கள். படிகளில் அரை அங்குல ரப்பர் ஒட்டி, சண்டைக்கலைஞரை உருளவிட்டார்கள், அதுவும் இரண்டு தடவை. அக்கம்பக்கத்து மொட்டைமாடிகளில் இடம் பிடித்துவைத்திருந்த பல்கலைக்கழக மாணவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் தலைக்கு ஐந்து டாலர் வசூலித்துக்கொண்டிருந்தார்கள். படம் திரைக்கு வந்தது 1973 டிசம்பர் 26-இல். பையன்கள் அதற்கு முன்பே கல்லா கட்டிவிட்டார்கள்.