கராம்பு மணமும் குவாண்டம் கேள்வியும்

மாத்தளை நகரைத் தாண்டித் தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியோரம் வாசனைத் திரவியத் தோட்டங்கள் வரிசையாக வருகின்றன. கறுவா, ஏலம், மிளகு, சாதிக்காய், கராம்பு எல்லாம் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் வளர்கின்றன. காய்ந்த கராம்பு ஒன்றை நகத்தால் கீறி முகர்ந்து பாருங்கள். மூச்சை இழுத்ததுமே ‘இது கராம்பு’ என்று தெரிந்துவிடும். மூக்குக்குள் போனது யூஜினோல் என்ற மூலக்கூறு: 10 காபன், 12 ஐதரசன், 2 ஒட்சிசன், ஆக 24 அணுக்கள். அந்த 24 அணுக்களில் எதற்கும் தனியே மணம் கிடையாது. மணம் பிறப்பது நம் நனவில், அதாவது ‘உணர்கிறேன்’ என்று நாம் அறிந்திருக்கும் நிலையில்.

நனவுக்கும் குவாண்டம் இயற்பியலுக்கும் தொடர்பு உண்டா? பெரிய கேள்வி. அதில் ஒரு சிறு துண்டைச் சோதனைச்சாலைக்குள் கொண்டுவந்தது இந்த மூக்குதான்.

மூக்குக் குழியின் கூரையில் மணம் அறியும் நரம்புக்கலங்கள் இருக்கின்றன. அவற்றின் நுனியில் உள்ள ‘வாங்கி’ எனும் புரதங்கள் மூலக்கூறுகளைப் பிடிக்கின்றன. லிண்டா பக், ரிச்சர்ட் அக்செல் இருவரும் 1991இல் இந்த வாங்கிகளின் மரபணுக்களைக் கண்டுபிடித்தனர். 2004இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதரிடம் உள்ளவை ஏறக்குறைய 400 வகை. ஒரே மூலக்கூறு பல வகை வாங்கிகளைத் தூண்டும். எவை எவை சேர்ந்து தூண்டப்பட்டன என்ற கோலத்தைப் படித்தே மூளை மணத்தை இனங்காண்கிறது. அதனால்தான் 400 வகையைக் கொண்டு எண்ணற்ற மணங்களைப் பிரித்தறிகிறோம்.

ஆனால் ஒரு வாங்கி தனக்குரிய மூலக்கூறை எப்படித் தெரிந்துகொள்கிறது? வடிவம் பொருந்தினால் பிடிக்கும் என்பது வழக்கமான விடை. 1996இல் லூகா டூரின் என்ற ஆய்வாளர் வேறொரு விடை சொன்னார். மூலக்கூறின் அணுக்கள் ஓயாமல் அதிர்கின்றன. காபன்-ஐதரசன் பிணைப்பு ஒரு வினாடிக்குச் சுமார் 90 இலட்சம் கோடி முறை அதிரும். மூக்கு அந்த அதிர்வைத்தான் வாசிக்கிறது என்றார் டூரின். கந்தகமே இல்லாத சில போரன் சேர்வைகளில் கந்தக வாடை வீசுவதை அவர் சான்றாகக் காட்டினார். போரன் சேர்வைகளுக்கும் கந்தகச் சேர்வைகளுக்கும் வடிவம் வேறு; அதிர்வோ ஏறத்தாழ ஒன்று.

மூக்கு அதிர்வை வாசிப்பதற்கு அவர் முன்வைத்த வழி குவாண்டம் ஊடுருவல். கண்டியிலிருந்து மாத்தளைக்கு வரும் பஸ் பலகடுவைக் கணவாயை ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். இலத்திரனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஏறப் போதிய சக்தி இல்லாதபோதும் அது தடையின் மறுபக்கத்தில் தோன்றக்கூடும். வாங்கிக்குள் இப்படிக் கடக்கும் இலத்திரன் தன் மிகைச் சக்தியை மூலக்கூறின் அதிர்வுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. அதிர்வு சரியாக அமைந்தால் மட்டுமே கடக்கிறது. இதுதான் டூரினின் கருத்து.

இந்தக் கருத்தைச் சோதிக்க அழகான வழி ஒன்று உண்டு. ஐதரசனை எடுத்துவிட்டு, இரு மடங்கு திணிவுள்ள தூத்தேரியத்தை வைக்கலாம். வடிவம் மாறாது, அதிர்வு மட்டும் மெதுவாகும். 2004இல் நடந்த சோதனையில் மனிதர்களால் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. 2011இல் பழ ஈக்கள் பிரித்தறிந்தன. 2013இல் கஸ்தூரி மணமுள்ள ஒரு பெரிய மூலக்கூறில் மனிதர்களும் வேறுபாட்டை உணர்ந்தார்கள் என்று ஓர் ஆய்வு கூறியது. 2015இல் கஸ்தூரி மணத்துக்குரிய வாங்கியையே கலங்களில் உருவாக்கிச் சோதித்தபோது அது எந்த வேறுபாட்டையும் காட்டவில்லை. வேறொரு சான்றும் உண்டு: சதகுப்பையில் உள்ள கார்வோன் என்ற மூலக்கூறும் புதினா வகையொன்றில் உள்ள கார்வோனும் ஒன்றுக்கொன்று கண்ணாடி விம்பங்கள். அதிர்வு ஒன்றே, மணம் வேறு. 2023இல் மனித மண வாங்கி ஒன்றின் உருவமே முதன்முறையாக அணு அளவில் தெரிந்தது. தன் மூலக்கூறை அது ஒரு சிறு பைக்குள் பிணைப்புகளால் இறுகப் பிடித்திருந்தது. இன்றைய நிலையில் வடிவக் கொள்கையின் கையே ஓங்கியிருக்கிறது.

வாங்கி வாசித்த செய்தி போகும் பாதையும் வியப்பானது. பார்வையும் கேட்டலும் தலமஸ் என்ற இடைநிலையத்தைக் கடந்தே மூளையின் புறணியை அடைகின்றன. மணத்துக்கு அந்தச் சுற்று இல்லை. உணர்ச்சியையும் நினைவையும் ஆளும் பகுதிகளுக்கு அது நேராகவே போய்ச் சேர்கிறது. அங்கே நரம்புத் துடிப்புகள் ‘கராம்பு’ என்ற அனுபவமாவது எப்படி? கணிதவியலாளர் ரொஜர் பென்ரோஸும் மயக்க மருத்துவர் ஸ்டூவர்ட் ஹமரொஃப்பும் 1990களில் துணிந்து ஒரு விடை தந்தனர். நரம்புக்கலத்துக்குள் இருக்கும் நுண்குழாய்களில் நிகழும் குவாண்டம் நிலைகளே நனவுக்கு அடிப்படை என்றனர். 2000இல் மக்ஸ் டெக்மார்க் அதற்கு எதிராக ஒரு கணக்கை வெளியிட்டார். வெதுவெதுப்பான, ஈரமான மூளையில் அத்தகைய நிலை, ஒரு வினாடியைப் பத்து இலட்சம் கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்குக்குள் குலைந்துவிடும். நரம்பு ஒருமுறை துடிக்க எடுக்கும் நேரம் அதைவிட ஆயிரம் கோடி மடங்கு. ஹமரொஃப் தரப்பு இந்தக் கணக்கை ஏற்கவில்லை.

கதை அங்கே முடியவில்லை. செனன் வாயு எதனோடும் எளிதில் வேதியியல் பிணைப்புக் கொள்ளாது. ஆனாலும் சுவாசித்தவரின் நனவை நீக்கிவிடும். 2018இல் வெளியான ஓர் ஆய்வு செனனின் சமதானிகளை, அதாவது அணுக்கருவின் திணிவில் வேறுபடும் அதன் வகைகளை, எலிகளில் ஒப்பிட்டது. அணுக்கருவில் ‘சுழற்சி’ என்ற குவாண்டம் பண்பு உள்ள வகைகள், அது இல்லாத வகைகளைவிடக் குறைவாகவே மயக்கின. இலத்திரன் அமைப்பில் அவற்றுக்குள் வேறுபாடு இல்லை. ஓர் ஆய்வால் முடிவு வந்துவிடாது. ஆனால் மறுபடியும் செய்து பார்த்துச் சரிபிழை சொல்லக்கூடிய கேள்வி ஒன்று கையில் கிடைத்திருக்கிறது.

உயிர் முழுவதும் குவாண்டம் விதிகளின்படியே இயங்குகிறது. வாங்கி யூஜினோலைப் பிடிக்கும் பிணைப்பும் இலத்திரன்களின் குவாண்டம் வேலைதான். அதைத் தாண்டி நனவுக்கென்று தனிக் குவாண்டம் பொறிமுறை உண்டு என்பதற்கு இன்றுவரை உறுதியான சான்று இல்லை. ‘குவாண்டம் ஆன்மாவை நிரூபித்துவிட்டது’ என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த மூலக்கூறு? எந்த அளவீடு? என்ன முடிவு வந்தால் உங்கள் கருத்தைக் கைவிடுவீர்கள்? டூரினின் கருத்து இந்த மூன்றுக்கும் விடை வைத்திருந்தது. அதனாலேயே அது சோதிக்கப்பட்டது. மணத்தைப் பற்றி நமக்கு அதிகம் கற்றும் தந்தது.