தேன் திருடும் கொக்கி அலகு!

குட்டீஸ்! பூவுக்கும் பறவைக்கும் இடையே ஒரு பண்டமாற்று நடக்கிறது, தெரியுமா? பூ தேன் கொடுக்கும். குடிக்க வரும் பறவை, தன் மேல் ஒட்டிய மகரந்தத்தை அடுத்த பூவுக்குக் கொண்டு போகும். பூவில் காய் பிடிக்கும். பறவைக்கு வயிறு நிறையும்.

ஆனால், கூலி கொடுக்காமல் தேனைக் குடித்துவிட்டுப் பறக்கும் கில்லாடிகளும் உண்டு! அவைதான் பூத்துளைப்பான்கள். மெக்சிகோவில் தொடங்கி தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் வரை, குளிர்ந்த மலைகளில் வாழ்கின்றன. மொத்தம் 18 இனங்கள்.

குழாய் போல நீண்ட பூக்களின் அடியில் தேன் இருக்கும். அதை எட்ட ஹம்மிங் பறவைக்கு நீளமான அலகு உண்டு. பூத்துளைப்பானின் அலகோ குட்டையானது. அது என்ன செய்யும்?

கிளையில் உட்கார்ந்துகொள்ளும். கொக்கி போல வளைந்த மேல் அலகால் பூவை இழுத்துப் பிடிக்கும். ஊசி போன்ற கீழ் அலகால் பூவின் அடியில் ஓட்டை போடும். அதன் வழியே நாக்கை நீட்டித் தேனை எடுத்துவிடும். நாக்கின் நுனி இரண்டாகப் பிளந்து, தூரிகை போல இருக்கும். இதன் அறிவியல் பெயரான ‘டைகுளோசா’வுக்கு ‘இரட்டை நாக்கு’ என்று பொருள். முன்வாசல் வழியாக நுழையாததால், பெரும்பாலும் மகரந்தம் இதன் மேல் ஒட்டுவதில்லை. பூவுக்கு நஷ்டம்தான்!

இவ்வளவு வசதியான கொக்கி மற்ற பறவைகளுக்கு ஏன் இல்லை?

இதற்கு விடை தேடி, விஞ்ஞானிகள் இருவர் ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2003-ல் வெளியானது. அலகின் நுனி, நம் நகம் போன்ற பொருளால் ஆனது. எனவே, சில பூத்துளைப்பான்களின் கொக்கியை மட்டும் நறுக்கிவிட்டார்கள். பிறகு பூக்களையும் பழங்களையும் கொடுத்துப் பார்த்தார்கள்.

கொக்கி போனதும், பூவைத் துளைத்துத் தேன் எடுக்க அவை திணறின. ஆனால், பழம் தின்பது முன்பைவிட எளிதாகிவிட்டது! தேனுக்கு உதவும் கொக்கி, பழத்துக்கு இடைஞ்சல். ஒன்றைப் பெற்றால் இன்னொன்றை இழக்க வேண்டும்!

இந்தக் கூட்டத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. நீல உடல், கறுப்பு முகமூடி, சிவப்புக் கண் கொண்ட ‘முகமூடிப் பூத்துளைப்பான்’ பழங்களை விரும்பித் தின்னும். அதன் கொக்கி சிறியது!

இனி ஒரு பறவையின் அலகைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேளுங்கள், குட்டீஸ். இதனால் என்ன முடியும்? எது முடியாது?