அடையாறு பூங்காவுக்கு செலவாகும் பணம் யாருடையது?

சென்னை,

பட்டினப்பாக்கம், ராஜா அண்ணாமலைபுரம் வழியாக பஸ்சில் போகிறவர்களுக்கு அந்த அடர்ந்த மரக்கூட்டம் நல்லாவே தெரியும். தொல்காப்பியப் பூங்கா என்பது அதன் பெயர். அடையாறு பூங்கா என்று சொன்னால்தான் பலருக்கும் புரியும். பரப்பளவு 58 ஏக்கர்.

அடையாறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய உப்பங்கழி இது. ஒரு காலத்தில் குப்பையும், கட்டிட இடிபாடுகளும்தான் இங்கே குவிந்து கிடந்தன. இதை சீரமைக்க 2006-ல் தமிழக அரசு தனி அறக்கட்டளை தொடங்கியது. குப்பையை அள்ளி, நம்ம ஊர் மண்ணுக்கு ஏற்ற மரங்களை நட்டார்கள். 2011 ஜனவரியில் அப்போதைய முதல்-அமைச்சர் கருணாநிதி திறந்து வைத்தார்.

பணம் எங்கிருந்து வந்தது? அரசு கஜானாவில் இருந்துதான். வண்டிக்கு பெட்ரோல் போடும்போதும், கடையில் சோப்பு வாங்கும்போதும் நாம் கட்டுகிற வரி அது. மீன் விற்கிற அம்மாவின் காசும் அதில் உண்டு.

கோடிக்கணக்கில் மரத்துக்கு கொட்டணுமா என்று கேட்பவர்கள் 2015 டிசம்பரை நினைத்துப் பார்க்க வேண்டும். கடலில் அலை ஏறும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் சட்டென்று வடியாது. பரவி நிற்க இடம் தேடும். கழி இருந்தால் அங்கே போகும். அதையும் மூடி கட்டிடம் கட்டினால் வீட்டுக்குள்தான் வரும்.

மக்கள் பணத்தில் உருவான பூங்காவுக்குள் மக்கள் நினைத்த நேரத்தில் போக முடியாத நிலைதான் பல வருஷம் இருந்தது. குறிப்பிட்ட நாளில், முன்கூட்டியே பதிவு செய்தால்தான் அனுமதி. பறவைகளுக்கு தொந்தரவு கூடாது என்பது காரணம். காரணம் நியாயம்தான். ஆனால் கூலி வேலைக்கு போகிறவர் எந்த நாளில் போய் பதிவு செய்வார்?

42 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து புதுப்பித்து, 2025-ல் மறுபடியும் திறந்தார்கள். நடைபாதை போட்டால் கண்ணுக்கு தெரியும். கழியில் சேரும் பிளாஸ்டிக்கை வருஷம் முழுக்க அள்ளுவதற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. அதற்கும் பணம் வேண்டும்.

காசு இல்லாமல் திறந்தவெளி கிடைக்கவும் வழி இருக்கிறது. 10 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் உள்ள மனையில் கட்டிடம் கட்டுகிறவர், சாலை போக மீதியில் 10 சதவீதத்தை பொது உபயோகத்துக்கு தானமாக எழுதித் தரணும். 3 ஆயிரம் முதல் 10 ஆயிரம் வரை என்றால், இடம் தர முடியாதவர் அதன் மதிப்பை பணமாக கட்டலாம். தி.நகர், மயிலாப்பூரில் அவ்வளவு பெரிய மனைக்கு எங்கே போவது? பெரும்பாலும் பணம்தான் வரும்.

அந்தப் பணம் எவ்வளவு சேர்ந்தது, எந்த இடத்துக்கு செலவானது என்பதை தகவல் உரிமை சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் மனு போட்டு கேட்கலாம்.