பழைய ரம்பம் மீண்டும் ஓடும்

மரம் அறுக்கும் மிஷினைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதன் பெயர் சங்கிலி ரம்பம். முன்பெல்லாம் இரண்டு பேர் எதிரெதிரே நின்று வாளை இழுத்து மரம் அறுத்தார்கள். ஒரு மரத்துக்கு வெகு நேரம் ஆகும். இப்போது ஒருவரே சில நிமிடங்களில் அறுத்துவிடுகிறார். கேரளத்தில் கோட்டயம் பக்கம் பால் குறைந்த ரப்பர் மரங்களை வெட்ட இதுதான் உதவுகிறது. கர்நாடகத்தில் குடகு மலைக் காப்பித் தோட்டங்களிலும் இது பயன்படுகிறது. இந்த மிஷினை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன.

மிஷின் நின்றால் கூலியும் நிற்கும். புது மிஷினின் விலையோ அதிகம். அதனால் பழைய மிஷினை எடைக்குப் போடும் முன் சற்று யோசிக்க வேண்டும். பல மிஷின்களில் இரும்பு கெடுவதில்லை. உள்ளே இருக்கும் சிறிய ரப்பர் பாகங்களே கெடுகின்றன. அவற்றை மாற்ற அதிகச் செலவு ஆகாது.

மூன்று சோதனைகள்

என்ஜின் ஓட மூன்று தேவை. அழுத்தம், தீப்பொறி, பெட்ரோல். இந்த மூன்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். அதற்கு முன் சங்கிலியைக் கழற்றிவிட வேண்டும். டேங்கில் உள்ள பெட்ரோலை வடித்துவிட வேண்டும். பீடி, சிகரெட், விளக்கு எதுவும் அருகில் இருக்கக் கூடாது.

முதலில் அழுத்தம். இழுகயிறு இற்றுப் போகாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அதன் கைப்பிடியைப் பிடித்து, தரையை ஒட்டி மிஷினைத் தொங்க விட வேண்டும். மிஷின் விட்டு விட்டு மெல்ல இறங்கினால் அழுத்தம் உண்டு. சர்ரென்று இறங்கினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். சைலன்சரைக் கழற்றினால் அந்தத் துளை வழியே பிஸ்டன் தெரியும். அதில் ஆழமான கீறல்கள் இருந்தால் செலவு கூடும். அப்போது மட்டும் புது மிஷினின் விலையோடு ஒப்பிட்டு முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது தீப்பொறி. பிளக்கைக் கழற்றிக் கரியைத் துடைக்க வேண்டும். அதன் முனையில் உள்ள இடைவெளி பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பிளக்கை ஒயரில் மாட்டி, அதன் இரும்பு என்ஜினைத் தொடும்படி வைக்க வேண்டும். பிளக் துளையிலிருந்து அது தள்ளி இருக்கட்டும். சுவிட்சைப் போட்டுக் கயிற்றை இழுத்தால் பொறி தெரிய வேண்டும்.

மூன்றாவது பெட்ரோல். மோட்டார் சைக்கிள் எப்போதும் நிமிர்ந்தே ஓடுகிறது. ரம்பமோ சாய்ந்தும் தலைகீழாகவும் ஓட வேண்டும். அதனால் அதன் கார்பரேட்டரில் மிதவை கிடையாது. மெல்லிய சவ்வு ஒன்று துடித்துத் துடித்துப் பெட்ரோலை இழுக்கிறது. இதை டயாப்ரம் என்பார்கள். நாளானால் இது விறைத்துப் போகும். பெட்ரோல் குழாயும் வெடித்துவிடும். பெரும்பாலும் மிஷின் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

பாகம் வாங்கும் முறை

மிஷினின் உடலில் மாடல் எண் இருக்கும். அதை எழுதிக் கொள்ள வேண்டும். கழற்றிய பாகத்தையும் கடைக்குக் கொண்டு போக வேண்டும். கம்பெனிக் கடையில் இல்லையென்றால் பழுது பார்ப்பவரிடம் கேட்கலாம். அவரிடம் அதே மாடலின் உடைந்த மிஷின் கிடக்கக் கூடும்.

சங்கிலி வாங்க மூன்று எண்கள் வேண்டும். முதல் எண், கண்ணியின் அளவு. அடுத்தடுத்துள்ள மூன்று ரிவிட்டுகளின் தூரத்தை அளந்து, இரண்டால் வகுக்க வேண்டும். தூரம் 3/4 அங்குலம் என்றால் விடை 3/8 அங்குலம். இரண்டாவது எண், பள்ளத்தில் ஓடும் அடிப்பல்லின் கனம். மூன்றாவது, அடிப்பற்களின் எண்ணிக்கை. ஒரு எண் தவறினாலும் சங்கிலி பொருந்தாது.

புழு கற்றுத் தந்த பாடம்

சங்கிலியின் பற்கள் ஒன்று இடப் பக்கமும் ஒன்று வலப் பக்கமுமாக இருக்கும். அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்பவர் மரம் வெட்டி வந்தார். 1946-இல் ஒரு வண்டின் புழு மரத்தைத் தின்பதைக் கண்டார். அது இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்தது. அதைப் போலவே பல் செய்து, 1947-இல் புதிய சங்கிலியை விற்பனைக்குக் கொண்டு வந்தார். இன்றைய சங்கிலிகள் அந்த வழியில் வந்தவை. எனவே இரு பக்கப் பற்களையும் உருட்டு அரத்தால் சமமாகத் தீட்ட வேண்டும். ஒரு பக்கம் மழுங்கினால் ரம்பம் கோணலாக அறுக்கும்.

எண்ணெயை மறந்தால்

இந்த என்ஜினுக்குத் தனி எண்ணெய் கிடையாது. பெட்ரோலில் கலக்கும் டூ டி ஆயில்தான் பிஸ்டனைக் காக்கிறது. பல மிஷின்களுக்கு 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி போதும். சில பழைய மிஷின்களுக்கு 40 மில்லி வேண்டும். வெறும் பெட்ரோல் ஊற்றினால் சிறிது நேரத்திலேயே பிஸ்டன் கீறிப் போகும். சங்கிலிக்கான எண்ணெய் வேறு. அதைத் தனி டேங்கில் ஊற்ற வேண்டும்.

2025-ஆம் ஆண்டில் இந்தியாவில் பெட்ரோலோடு 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை வந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரையும் கெடுக்கும். வேலை இல்லாத மாதங்களில் டேங்கைக் காலி செய்து வைப்பது நல்லது.

கடைசிச் சோதனை

பாகங்களை மாட்டியதும் வேலைக்குப் புறப்படக் கூடாது. முன் கைப்பிடிக்கு எதிரே ஒரு தடுப்பு உண்டு. அது சங்கிலியின் பிரேக். என்ஜினை அணைத்து, கையுறை போட்டு, அந்தத் தடுப்பை முன்னால் தள்ள வேண்டும். அப்போது சங்கிலி நகரக் கூடாது. பின்னால் இழுத்தால் நகர வேண்டும்.

ரம்பத்தின் நுனி மரத்தில் பட்டால் மிஷின் முகத்தை நோக்கித் துள்ளும். கண் இமைக்கும் நேரத்தில் அது நடந்துவிடும். அப்போது காப்பாற்றுவது இந்தப் பிரேக்தான். மிகப் பழைய மிஷின்கள் சிலவற்றில் பிரேக்கே இருக்காது. அப்படிப்பட்ட மிஷின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் வேலைக்கு எடுக்கக் கூடாது. மிஷினுக்குப் பாகம் வாங்கலாம். கைக்கும் கண்ணுக்கும் வாங்க முடியாது.