ஹெல்மெட் போட்டிருந்தும் ஏன்? பிலிப் ஹியூஸும் கழுத்துக் கவசமும்

போன எபிசோட்டில் டேட்டாபேஸ் இண்டெக்ஸிங் பத்தி ரெண்டாம் பகுதி வரும்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இந்த வாரம் கிரிக்கெட். ஆனா ஸ்கோர், டீம் செலக்‌ஷன் பேச்செல்லாம் இல்லை.

2025 அக்டோபர் கடைசியில், மெல்போர்னில் 17 வயசுப் பையன் ஒருத்தன் வலைப்பயிற்சியின்போது கழுத்தில் பந்து பட்டு இறந்துபோனான். தலையில் ஹெல்மெட் இருந்தது. கழுத்தை மறைக்கிற பாகம் மட்டும் இல்லை. அந்தச் செய்தி வந்த அன்னைக்கு நவி மும்பையில் மகளிர் உலகக் கோப்பை அரையிறுதி. இந்தியா, ஆஸ்திரேலியா ரெண்டு அணிகளும் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கிட்டு ஆடினாங்க. அதைப் பார்த்த நிறைய பேர் என்கிட்ட கேட்டது ஒரே கேள்விதான்: "ஹெல்மெட் போட்டும் எப்படிங்க?"

இதே கேள்வியை உலகமே கேட்டது 2014 நவம்பரில். அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பிலிப் ஹியூஸ், நியூ சவுத் வேல்ஸில் மேக்ஸ்வில் என்கிற சின்ன ஊர்க்காரர். அப்பா வாழைத் தோட்டம் வைத்திருந்தவர். இடது கை ஆட்டக்காரர். ஆஃப் சைடில் ஒதுங்கி நின்று கட் அடிக்கிற அந்த ஸ்டைல் எந்தக் கோச்சிங் புத்தகத்திலும் இருக்காது. 2009-ல் தென்னாப்பிரிக்காவில் முதல் டெஸ்ட், முதல் இன்னிங்ஸில் டக். அடுத்த டெஸ்டில், டர்பனில், ரெண்டு இன்னிங்ஸிலும் சதம்: 115, 160. அப்போ வயசு 20. ஒரே டெஸ்டில் ரெண்டு சதம் அடித்த மிக இளையவர் அவர்தான். 2013-ல் ஒருநாள் போட்டி அறிமுகத்திலேயே சதம். ஆஸ்திரேலிய ஆண்கள் அணியில் அதுக்கு முன்னாடி யாரும் அதைச் செய்ததில்லை. இவ்வளவு இருந்தும் டீமுக்குள்ள வருவார், வெளியே போவார். மொத்தமே 26 டெஸ்ட்தான். ஷார்ட் பால் வீக்னஸ்னு ஒரு பேச்சு அவர் கூடவே ஒட்டிக்கிட்டு வந்தது.

2014 நவம்பர் 25. சிட்னி மைதானம். ஷெஃபீல்ட் ஷீல்ட் ஆட்டம். இந்தியா சுற்றுப்பயணம் வந்திருந்த நேரம்; இந்தியாவுக்கு எதிரான முதல் டெஸ்டில் இடம் கிடைக்கும்னு அவர் எதிர்பார்த்திருந்தார். 63 ரன்னில் இருக்கும்போது ஷான் அபாட் ஒரு பவுன்சர் போட்டார். ஹியூஸ் ஹூக் அடிக்கப் போனார். பேட் கொஞ்சம் சீக்கிரமே சுழன்றுவிட்டது. உடம்பு திரும்பிய நிலையில், ஹெல்மெட் கம்பிவலைக்குக் கீழே, இடது காதுக்குப் பின்பக்கம், கழுத்தில் பந்து பட்டது. ஒரு நொடி நின்றார். குனிந்தார். அப்படியே முகம் குப்புற விழுந்தார். ரெண்டு நாள் கழித்து, 27-ஆம் தேதி, செயின்ட் வின்சென்ட்ஸ் மருத்துவமனையில் இறந்தார். இன்னும் மூணு நாளில் 26-ஆவது பிறந்தநாள்.

இப்போ கேள்விக்கு வருவோம். நம்ம கழுத்தின் பின்பக்கம், கழுத்தெலும்புகளுக்குள்ள இருக்கிற துளைகள் வழியா ரெண்டு ரத்தக்குழாய் மூளைக்கு ஏறுது. வெர்ட்டிப்ரல் ஆர்ட்டரின்னு பேர். மூச்சு, இதயத்துடிப்பு இதையெல்லாம் பார்த்துக்கிற மூளைத்தண்டுக்கு ரத்தம் கொடுக்கிறது அதுதான். பந்து அடித்த வேகத்தில் அந்தக் குழாய் கிழிந்து, ரத்தம் மேலே மூளையைச் சுற்றிப் பரவிவிட்டது. மருத்துவ வரலாற்றிலேயே இப்படிச் சுமார் 100 சம்பவங்கள்தான் பதிவாகியிருக்குன்னு அப்போதைய ஆஸ்திரேலிய அணி மருத்துவர் பீட்டர் புருக்னர் சொன்னார். அதில் கிரிக்கெட் பந்தால் நடந்தது அதுவரைக்கும் ஒன்றே ஒன்று.

ஒரு சின்னக் கணக்கு. பந்தோட எடை சுமார் 160 கிராம். வேகம் மணிக்கு 135 கிலோமீட்டர்னு வெச்சுக்கோங்க. கையை விட்டுக் கிளம்பும்போது அதுக்கு இருக்கிற ஆற்றல் 110 ஜூல் சொச்சம். 11 கிலோ அரிசி மூட்டை ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து விழுற மாதிரி. அது மொத்தமும் உள்ளங்கையில் பாதி அளவு இடத்தில் இறங்குது. பேட்ஸ்மேனுக்குக் கிடைக்கிற நேரம் அரை நொடி.

ஹெல்மெட் வேலை செய்யலைன்னு சொல்றது தப்பு. அது எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையின் எல்லைக்கு வெளியே பந்து போனது. மண்டையோட்டுக்கு ஓடு, முகத்துக்குக் கம்பிவலை. 2013-ல் வந்த பிரிட்டிஷ் தர விதியே, நெற்றி விளிம்புக்கும் கம்பிவலைக்கும் இடையில் பந்து நுழையுதாங்கிறதைச் சோதிக்கத்தான் முக்கியமா மாறியது. ஏன்னா அதுவரைக்கும் அதிகம் பார்த்த காயம் மூக்கு, பல், தாடை. சாஃப்ட்வேர்ல நாங்க டெஸ்ட் கேஸ் எழுதுறதும் இப்படித்தான்: ஏற்கெனவே வந்த பக்-க்குத்தான் முதலில் டெஸ்ட் எழுதுவோம். கழுத்து யாரோட லிஸ்டிலும் இல்லை.

ஹியூஸ் போட்டிருந்தது மசூரி கம்பெனியின் பழைய மாடல், அந்தப் புதிய தரத்துக்கு வராதது. உடனே எல்லாரும் "புது ஹெல்மெட் போட்டிருந்தா பிழைத்திருப்பார்"னு பேசினாங்க. டேவிட் கர்ட்டன் என்ற வழக்கறிஞர் நடத்திய தனி ஆய்வு 2016-ல் வந்தது. அதே வருஷம் மரண விசாரணை நீதிபதி மைக்கேல் பார்ன்ஸின் தீர்ப்பும் வந்தது. புது மாடலும் அந்த இடத்தை மூடியிருக்காதுன்னுதான் ரெண்டு பேரும் சொன்னாங்க.

அந்த விசாரணை பத்திக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா எனக்கு மனசு கனத்தது அங்கதான். அன்னைக்கு வீசப்பட்ட 23 பவுன்சரில் 20 ஹியூஸுக்குப் போயிருந்தது. குறிவைத்து வீசினாங்களா, மிரட்டிப் பேசினாங்களா என்பதெல்லாம் குடும்பத்தின் கேள்வி. எதிரே நின்றவர்களோ அவர் கூட ஆடிய நண்பர்கள். ரெண்டு பக்கமும் துக்கம். நீதிபதி, யார் மேலும் குற்றம் இல்லை, விதிக்கு உட்பட்ட ஆட்டம்தான் என்றார். ஆம்புலன்ஸை அழைத்ததில் இருந்த குழப்பத்தைச் சுட்டிக்காட்டினார். ஆனா அந்தக் காயத்துக்கு எவ்வளவு சீக்கிரம் வந்திருந்தாலும் பலன் இருந்திருக்காதுன்னும் சொன்னார். பெத்தவங்களுக்கு அது எப்படி ஆறுதலா இருக்கும், சொல்லுங்க.

ஷான் அபாட்டுக்கு அப்போ 22 வயசு. ஹியூஸ் விழுந்ததும் முதலில் ஓடிப்போனவர்களில் ஒருத்தர். ரெண்டு வாரத்தில் அதே சிட்னி மைதானத்தில் திரும்ப வந்து, குவீன்ஸ்லாந்துக்கு எதிரா 14 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். பவுன்சரும் போட்டார். "எப்படி மனசு வந்தது"ன்னு அப்போ கமென்ட் எழுதினவங்க இருந்தாங்க. அவர் வேலை அது. அந்தப் பந்தில் சட்டப்படியும் தவறு இல்லை, ஆட்டத்தின் தர்மப்படியும் தவறு இல்லை. பவுன்சரையே தடை செய்யணும்கிற வாதத்தை நான் ஏத்துக்காததும் இதனால்தான். பவுன்சர் இல்லாட்டி எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு முன்காலை நீட்டி அடிப்பாங்க. பந்துவீச்சாளர் வெறும் பந்து போடுற மெஷின் ஆயிடுவார். ஆபத்தைக் குறைக்க வேண்டிய இடம் உபகரணம்.

டிசம்பர் 9-ல் அடிலெய்டில் டெஸ்ட் தொடங்கியது. மைதானத்தில் 408 என்ற எண் வரைந்திருந்தாங்க, ஹியூஸின் டெஸ்ட் கேப் நம்பர். 13-ஆவது ஆட்டக்காரரா அவர் பெயர் அறிவிக்கப்பட்டது. கோலி களமிறங்கி ஆடிய முதல் பந்தே மிட்செல் ஜான்சனின் பவுன்சர், நேரா ஹெல்மெட் முகப்பில். ஜான்சன் உட்பட ஆஸ்திரேலியர்கள் பதறி ஓடிவந்து விசாரிச்சாங்க. கோலி அந்த இன்னிங்ஸில் 115 அடித்தார்.

அடுத்து என்ன நடந்தது? மசூரி, ஸ்டெம் கார்ட்னு ஒன்றைக் கொண்டுவந்தது. ஹெல்மெட்டின் பின்பக்கம் மாட்டிக்கிற, ஃபோமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த தடுப்பு. விலை பெரிசில்லை, மாட்ட ஒரு நிமிஷம். அப்புறம் ஒன்பது வருஷம் அது ஆட்டக்காரரின் விருப்பம் என்றே இருந்தது. எனக்குக் கோபம் வர்ற இடம் இது.

2019 ஆகஸ்ட், லார்ட்ஸ். ஜோஃப்ரா ஆர்ச்சர் 148 கிலோமீட்டர் வேகத்தில் போட்ட பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில், கிட்டத்தட்ட அதே இடத்தில் பட்டது. ஹியூஸ் விழுந்த அன்று எதிரணியில் நெருங்கிய நண்பர்கள் இருந்தாங்கன்னு சொன்னேன் இல்லையா, ஸ்மித்தும் ஹியூஸின் நண்பர்தான். அவரே கழுத்துக் கவசம் போடலை. மாட்டினா பெட்டிக்குள்ள அடைத்த மாதிரி இருக்குன்னு சொன்னார். அந்த உணர்வு உண்மையா இருக்கலாம். ஆனா தினமும் ஆயிரம் பந்து ஆடுற பழக்கத்தில் சின்ன அசௌகரியம்தான் கண்ணுக்குத் தெரியும். பத்து வருஷத்துக்கு ஒரு முறை வர்ற மரணம் தெரியாது. அதனாலதான் இதைத் தனிமனித விருப்பத்துக்கு விடக்கூடாது. ஸ்மித்துக்குப் பதிலா லபுஷேன் இறங்கினார். டெஸ்டில் முதல் கன்கஷன் மாற்று வீரர். அந்த விதியே அந்த மாதம்தான் அமலுக்கு வந்தது.

2023 செப்டம்பரில் ப்ளூம்ஃபான்டைனில் ரபாடா பந்து கேமரன் கிரீன் கழுத்தில் பட்டது. மாற்றா வந்தவர் மறுபடி லபுஷேன், 80 நாட் அவுட். அடுத்த மாதம், அக்டோபர் 1-லிருந்து, வேகப்பந்து, மிதவேகப்பந்தை ஆடும்போது கழுத்துக் கவசம் கட்டாயம்னு கிரிக்கெட் ஆஸ்திரேலியா விதி போட்டது. ஸ்மித்தும் மாட்டிக்கிட்டுத்தான் ஆடுறார். ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

ஆனா அந்த விதி சர்வதேச, முதல்தர ஆட்டங்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை கிளப் ஆட்டத்துக்கும், சாயங்கால நெட்ஸுக்கும் அது தானா இறங்கி வராது. மெல்போர்ன் பையன் நின்றது அப்படி ஒரு நெட்ஸில்.

நெட்ஸ்ல ஆபத்து கம்மின்னு ஒரு நினைப்பு நம்மகிட்ட இருக்கு. உண்மையில் கரண்டி மாதிரி நீண்ட கைப்பிடி இருக்கிற சைட் ஆர்ம் கருவியால், பக்கத்தில் இருந்து, முழு வேகத்தில் எறியறாங்க. அந்தப் பையனுக்கும் பந்து அப்படித்தான் வந்தது. இங்க நம்ம லீக் ஆட்டங்களில் கார்க் பாலில் ஆடுறப்போ பாதிப் பேர் ஹெல்மெட்டே போடுறதில்லை. எங்க ஆஃபீஸ் டீமில் ஒரே ஹெல்மெட், ரெண்டு ஓப்பனரும் மாத்தி மாத்திப் போட்டுக்குவாங்க. ஷார்ட் லெக்கில் நிக்கிறவருக்கு அதுவும் கிடையாது. 1998-ல் டாக்காவில் ராமன் லம்பா ஷார்ட் லெக்கில் ஹெல்மெட் இல்லாமல் நின்றுதான் தலையில் அடிபட்டு இறந்தார்.

யாராவது ஹெல்மெட் வாங்கப் போறீங்கன்னா, கடையில் கேளுங்க: கழுத்துக் கவசம் தனியா வருதா, இந்த மாடலுக்குப் பொருந்துமா, பிரிட்டிஷ் தர முத்திரை உள்ளே இருக்கா. ஒருமுறை பலமா அடிவாங்கின ஹெல்மெட்டை, விரிசல் தெரியலைன்னாலும், மறுபடி போடாதீங்க. தம்பிக்கோ மகனுக்கோ வாங்குறீங்கன்னா "வளர்ந்த பிறகும் ஆகட்டும்"னு ஒரு சைஸ் பெரிசா எடுக்காதீங்க. தலையில் ஆடுற ஹெல்மெட் சரியான நேரத்தில் சரியான இடத்தில் இருக்காது.