உப்பளம் புகட்டும் இரசாயனம்

கொற்கைக்குச் செல்லும் அன்பர்கள் முதலில் தேடுவது கடலையே. பாண்டியரின் முத்துத் துறைமுகமாய் விளங்கிய அவ்வூரைவிட்டு அது சில மைல் கிழக்கே ஒதுங்கிவிட்டது. தாமிரபரணி கொணர்ந்து குவித்த வண்டலே அதற்குக் காரணம். கடற்கரையை அடைந்தாலோ, வடக்கே தூத்துக்குடியிலும் தெற்கே ஆறுமுகநேரியிலும் வெயிலில் பளபளக்கும் உப்புக் குவியல்கள் கண்ணைப் பறிக்கின்றன.

நம் மாணவர்கள் நெட்டுருப் போடும் இரண்டு வாக்கியங்களுக்கு இவ்வுப்பளங்களை விடச் சிறந்த விளக்கம் வேறில்லை. “முதற் குடும்பத்து மூலகங்களில் கீழே செல்லச் செல்ல வினைவேகம் மிகும்; ஹாலஜன் குடும்பத்தில் கீழே செல்லச் செல்ல அது குறையும்.” ஏன் என்று நாம் வினவினால் வகுப்பு முழுவதும் மௌனம் சாதிக்கிறது.

1869ல் ருஷ்ய அறிஞர் மெண்டலீவ் மூலகங்களைக் குடும்பம் குடும்பமாக அட்டவணைப்படுத்தினார். நம் உப்பு, அவற்றுள் இரு குடும்பங்களின் கலப்பு மணம். ஒரு வீட்டார் ஸோடியம். மறு வீட்டார் க்ளோரின்.

ஸோடியத்துக்கு மேலே இருப்பது லிதியம். கீழே இருப்பது பொட்டாஸியம். தண்ணீரில் இட்டால் லிதியம் அமைதியாய்க் குமிழியிடும். ஸோடியம் உருகி உருண்டையாகி, இரைச்சலோடு நீர்மேல் ஓடும். பொட்டாஸியமோ ஊதா நிறச் சுடர்விட்டு எரியத் தொடங்கும்.

க்ளோரின் வீட்டில் இதற்கு நேர்மாறு. அதன் கீழுள்ள ப்ரோமினை அதன் உப்பிலிருந்து க்ளோரின் விரட்டிவிடும். ப்ரோமின் அயோடினை விரட்டும். கீழுள்ளது மேலுள்ளதை விரட்டுவதில்லை.

இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. உப்பு விளைந்தபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரை நம்மவர் அறிவர். 1826ல் பிரான்ஸ் தேசத்து மாண்ட்பெல்லியே உப்பளங்களின் கசப்பு நீரில் க்ளோரினைச் செலுத்திய பலார் என்னும் இளைஞர், செம்மஞ்சள் நிறம் தோன்றக் கண்டு ப்ரோமினைக் கண்டுபிடித்தார். ஒரு லிட்டர் கடல்நீரில் ப்ரோமின் சுமார் 65 மில்லிகிராமே உண்டு. உப்பு பிரியப் பிரிய அது கசப்பு நீரில் செறிகிறது. கட்ச் பிரதேசத்தில் இன்றும் க்ளோரினைக் கொண்டே அதைப் பிரித்தெடுக்கிறார்கள்.

இனிக் காரணத்துக்கு வருவோம். குடும்பத்தில் கீழே இறங்க இறங்க, அணுவின் உட்கருவைச் சூழும் எலெக்ட்ரான் அடுக்குகள் பெருகுகின்றன. வெளியடுக்கு உட்கருவிலிருந்து விலகுகிறது. உள்ளடுக்குகளும் இடையே திரையிடுகின்றன. தலைநகருக்குத் தொலைவான எல்லைப்புறச் சிற்றூர் அரசன் பிடியிலிருந்து எளிதில் நழுவும். அவ்வளவு தொலைவில் புதியதோர் ஊரை வசப்படுத்துவதும் அவனுக்கு அரிது. ஸோடியம் வீட்டார் ஓர் எலெக்ட்ரானை இழந்து வினைபுரிவோர். ஆகவே பிடி தளரத் தளர அவர்கள் வேகம் ஏறுகிறது. க்ளோரின் வீட்டார் ஒன்றை ஈர்த்து வினைபுரிவோர். ஆகவே அதே தளர்ச்சியால் அவர்கள் வேகம் இறங்குகிறது. காரணம் ஒன்று, விளைவுகள் இரண்டு. இதை உணர்ந்த பிள்ளைக்கு அவ்விரு வாக்கியங்களும் மறக்கமாட்டா.

1930ல் இராஜாஜியின் தலைமையில் நம்மவர் வேதாரண்யத்தில் உப்பள்ளிச் சிறை புகுந்தனர். 1947ல் உப்பு வரி ஒழிந்தது. கைப்பிடி உப்பை நமதாக்க அத்தனை பாடுபட்டோம். அதனுள் அடங்கிய அறிவை நம் குழந்தைகளுக்கு அவர்களுடைய மொழியில், காரணத்தோடு எடுத்துரைப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அடுத்த விடுமுறையில் அவர்களை ஓர் உப்பளத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்; அந்தக் கசப்பு நீரையும் காட்டுங்கள்.