இரும்புக் குவியலில் ஒரு செப்புக் காசு

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் மின்தூண்டல் உலைகளில் பழைய இரும்பை உருக்கும் அதே இயற்பியல் விதிதான், கிழக்கே கடலோரப் பழவேற்காட்டின் மண்ணுக்குள் கிடக்கும் செப்புக் காசையும் காட்டிக்கொடுக்க வல்லது. உலையைச் சுற்றிய சுருளில் மாறுதிசை மின்சாரம் பாய்கையில் பிறக்கும் காந்தப்புலம், உள்ளிருக்கும் இரும்பில் சுழல் மின்னோட்டத்தை, அதாவது உலோகத்துக்குள்ளேயே வட்டமிடும் மின்னோட்டத்தை, எழுப்பி அதை உருக்குகிறது. மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோகங்காட்டியின் தட்டிலும் அத்தகைய சுருள் உண்டு. அதன் மெல்லிய புலத்தால் காசில் எழும் சுழல் மின்னோட்டம் தானும் ஒரு சிறு காந்தப்புலத்தைப் பரப்ப, இன்னொரு சுருள் அதை உணர்ந்து ஒலியாக்குகிறது.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பி, நாணயச்சாலையும் நடத்திய ஊர் பழவேற்காடு. கதவு, பெட்டி, படகு என எல்லாவற்றிலிருந்தும் ஆணி உதிரும் இத்தகைய பழைய குடியிருப்புகளில் ஒரு காசுக்குப் பல ஆணிகள் கிடப்பது இயல்பு. தேடலின் கடினமும் அங்கேதான் தொடங்குகிறது.

இரும்பு உடனுக்குடன் காந்தமாகி மறுமொழி தர, செம்பின் மறுமொழி சற்றே பின்தங்கி வருவதால், கட்ட வேறுபாடு எனப்படும் இந்தத் தாமதத்தை அளந்து கருவி இரண்டையும் பிரித்தறிகிறது. ஆயினும் காசுக்கு நான்கு விரல் தள்ளி ஒரு துருப்பிடித்த ஆணி கிடந்தால் இரு மறுமொழிகளும் கலந்துவிடுவதால், இரும்பை ஒதுக்குமாறு அமைக்கப்பட்ட கருவி ஆணியோடு சேர்த்துக் காசையும் ஒதுக்கி மௌனமாகிவிடுகிறது. 1881இல் சுடப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேடிய அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் கருவியையும் படுக்கையின் கம்பிச்சுருள்களே குழப்பின. ஆகவே தேர்ந்தவர்கள் சிறு தட்டைக் கொண்டு, மிக மெதுவாக, ஒரே இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாகத் துழாவுகிறார்கள். இரும்பின் ஒலியை அடைக்காமல், தாழ்ந்த உறுமலாகக் கேட்கவிட்டு, அதனூடே எழும் மெல்லிய கீச்சொலிக்குச் செவிசாய்க்கிறார்கள். தட்டையான தகரமும் இரும்பு வளையமும் பெரிய சுழல் மின்னோட்டத்துக்கு இடம் கொடுத்துச் செம்பைப் போலவே ஒலித்து ஏய்ப்பதுண்டு.

இந்தியாவில் இத்தேடல் பொழுதுபோக்காகச் செய்யத்தக்கதன்று. மண்ணில் மறைந்து கிடந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அனுமதியின்றித் தோண்டுவதும் குற்றம். சட்டத்தைவிட வலுவான காரணமும் உண்டு. பிடுங்கிய குழியோடு காசின் வரலாறு அழிகிறது. ஒதுக்கப்படும் ஆணியோ தொல்லியலாளருக்குக் குப்பையன்று. 1984இல் அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தை உலோகங்காட்டிகளால் துழாவிய ஆய்வாளர்கள், ஒவ்வொரு தோட்டா உறையும் கிடந்த இடத்தைக் குறித்தே வீரர்கள் நகர்ந்த தடத்தை மீட்டார்கள். அவ்வாறே, மரம் முழுதும் மக்கிப்போன பின்னும், ஒரே நேர்கோட்டில் கிடக்கும் துருப்பிடித்த ஆணிகள் கதவு நின்ற இடத்தைக் காட்டிவிடும்.